1.6 கிலோமீட்டரை 5:30-க்குள் முடிப்பது எப்படி: அக்னிவீர் ரேலிக்கு முழுமையான வழிகாட்டி

5 நிமிடம் 30 விநாடிக்குள் கோட்டைத் தாண்டினால் 60 மதிப்பெண். 5:31 ஆகிவிட்டால் 48. ஒரே ஒரு விநாடியில் 12 மதிப்பெண் போய்விடும். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகிற ஒவ்வொரு தம்பியும் முதலில் மனதில் வாங்க வேண்டிய கணக்கு இதுதான்.

நான் ஓடிய ரேலிக்கு ஒரு வாரம் முன்னால், ஊர் கிரவுண்டில் நண்பன் மொபைலை வைத்து ஒவ்வொரு ரவுண்டாக நேரம் எடுத்தான். முதல் 400 மீட்டர் 68 விநாடி. அடுத்தது 84, அதற்கடுத்தது 92, கடைசி 95. மொத்தம் 5:39. முதல் ரவுண்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் இவன் 5 நிமிடத்தில் முடித்துவிடுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், ரேலியிலும் அதே மாதிரி ஓடி 48 மதிப்பெண் தருகிற இரண்டாவது குரூப்பில் வந்து தரவரிசையில் பெயர் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். சீராக 82 விநாடிக்கு ஒரு ரவுண்டு என்று ஓடியிருந்தால் முடிந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தபோது வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது காலையில் கிரவுண்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதையே இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

உடல் தகுதித் தேர்வு மொத்தம் 100 மதிப்பெண். ஓட்டத்துக்கு 60, பீமுக்கு, அதாவது புல் அப்ஸுக்கு 40. 9 அடி பள்ளம் தாண்டுவது, வளைந்து வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடப்பது இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது, ஆனால் தேற வேண்டும்.

2025 ஆள்சேர்ப்பில் ஓட்டத்துக்கு நான்கு குரூப் வைத்தார்கள். 5:30 வரை 60, 5:31 முதல் 5:45 வரை 48, 5:46 முதல் 6:00 வரை 36, 6:01 முதல் 6:15 வரை 24. அதற்கு முன்பு 5:45-க்கு மேல் போனாலே வெளியேதான். இந்த 6:15-ஐக் கேள்விப்பட்டதும் பல பேர் பயிற்சியைத் தளர்த்திவிட்டார்கள், அது பெரிய தப்பு, ஏனென்றால் 24 மதிப்பெண்ணோடு தரவரிசையில் மேலே வருவது ரொம்பக் கஷ்டம். பீமில் 10 எடுத்தால் 40, 9 எடுத்தால் 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. ஆறுக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. உங்கள் ஆண்டு அறிவிப்பு வந்ததும் இந்த அட்டவணையை முதல் வேலையாகப் படித்துவிடுங்கள்.

தங்கைகளுக்கு, ராணுவக் காவல் பிரிவுக்கான பெண்கள் தேர்வில் அதே 1.6 கிலோமீட்டர்தான், முதல் குரூப்புக்கு 7:30, இரண்டாவதுக்கு 8:00. பீம் கிடையாது, 10 அடி நீளம் தாண்டுதலும் 3 அடி உயரம் தாண்டுதலும் உண்டு. கீழே ஓட்டத்துக்குச் சொல்கிற எல்லாமே அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், ரவுண்டு நேரம் மட்டும் மாறும்: 7:30 என்றால் ஒரு ரவுண்டுக்கு 112 விநாடி.

2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், அதில் தேறியவர்களுக்குத்தான் ரேலி. இதனால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது, தேர்வு ரிசல்ட் வந்த பிறகு ஓடத் தொடங்குவது. நடுவில் கிடைக்கிற சில வாரத்தில் யாருக்கும் உடம்பு தயாராகாது. படிப்பும் ஓட்டமும் ஒரே நாளில் தொடங்கட்டும். காலை ஓட்டம், மாலை படிப்பு.

தூரத்தை அளந்து வையுங்கள்

400 மீட்டர் டிராக் பக்கத்தில் இருந்தால் உள் லேனில் நான்கு ரவுண்டு, வேலை முடிந்தது. இல்லாதவர்கள் மொபைல் செயலியை நம்ப வேண்டாம், சின்ன கிரவுண்டில் சுற்றும்போது அது தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். கட்டட வேலை செய்பவரிடம் ஒரு 30 மீட்டர் டேப் வாங்கி, கிரவுண்டைச் சுற்றி அளந்து, 200 மீட்டருக்கோ 400 மீட்டருக்கோ சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

அப்புறம் ஒருமுறை முழு 1600 மீட்டர் ஓடி, ஒவ்வொரு ரவுண்டு நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். மொத்த நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் பிரயோஜனமில்லை. 5:30 என்றால் 400-க்கு 82 விநாடி, 200-க்கு 41, 100-க்கு 20-க்குச் சற்று மேல். இந்த எண்கள் உங்கள் வீட்டுப் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் ஆக வேண்டும். இன்று 6:40 ஓடுகிறவர் மூன்று மாதத்தில் 6 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரலாம், 5:30 வர ஐந்தாறு மாதம்கூட ஆகலாம், அதற்குத் தகுந்த மாதிரி முன்கூட்டியே தொடங்குங்கள்.

முதல் நான்கு வாரம்: மெதுவாக ஓடுங்கள்

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கிரவுண்டுக்கு வருகிற பையன் தினமும் 1600 மீட்டரை முழு வேகத்தில் ஓடி, நேரம் பார்த்து, மூச்சு வாங்கி, வீட்டுக்குப் போய்விடுவான். முதல் பத்து நாள் நேரம் குறையும், பிறகு அப்படியே நின்றுவிடும், மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கத் தொடங்கும், அதோடு கிரவுண்டுக்கு வருவது நின்றுவிடும். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்.

1600 மீட்டர் பார்க்க வேக ஓட்டம் மாதிரி இருந்தாலும், அதில் பெரும்பங்கு சக்தி மூச்சில் வருகிற ஆக்சிஜனால்தான் கிடைக்கிறது. அந்தக் கொள்ளளவு, இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, தசைக்குள் ரத்தக் குழாய்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதெல்லாம் மெதுவாக, நீண்ட நேரம் ஓடி ஓடித்தான் வளரும். அதனால் முதல் மாதம் வாரத்துக்கு ஐந்து நாள், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம், அவ்வளவுதான். முதல் வாரம் 20 நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, நான்காவது வாரம் 35. ஞாயிறு மட்டும் இன்னும் பத்து நிமிடம் அதிகம். பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து ஓட முடியாதவர்கள் இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, அப்படியே 20 நிமிடத்தை முடிக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓடி முடித்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள், 80 மீட்டர் தூரத்தை நல்ல வேகத்தில், ஆனால் திணறாமல், நான்கைந்து தடவை ஓடிப் பாருங்கள். கால் வேகத்தை மறக்காமல் இருக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து

இப்போது வாரத்தில் இரண்டு நாள் கடினமாக ஓடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை 400 மீட்டர் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிடம் நடை. எந்த வேகத்தில் என்றால், இப்போது உங்களால் முடிகிற சராசரி ரவுண்டைவிட நான்கைந்து விநாடி குறைவாக. இப்போது சராசரி 95 என்றால் 90. ஆறாவது ரவுண்டும் முதல் ரவுண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், இதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். முதல் இரண்டை 78-இல் ஓடிவிட்டு கடைசியில் 100-க்குப் போகிற பையன் உழைத்திருக்கிறான், ஆனால் ரேலியில் செய்யக் கூடாததையே பழகியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, 15 முதல் 20 நிமிடம் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் ஓட்டம், பிறகு மறுபடி மெதுவாக. ஞாயிறு 6 முதல் 8 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடலாம். மற்ற இரண்டு நாள் 30 நிமிடம் மெதுவாக. மிச்ச இரண்டு நாளில் ஒருநாள் முழு ஓய்வு, ஒருநாள் பள்ளமும் கட்டையும் மட்டும்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து செவ்வாய்ப் பயிற்சியை மாற்றுங்கள். ஒரு வாரம் 800 மீட்டர் மூன்று தடவை, நடுவில் நான்கு நிமிட ஓய்வு, 5:30-ஐக் குறி வைப்பவருக்கு ஒவ்வொன்றும் 2:45. அடுத்த வாரம் 200 மீட்டர் எட்டு தடவை, 39 அல்லது 40 விநாடி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்குப் பதிலாக, முழு 1600 மீட்டர் டிரையல். தினமும் டிரையல் எடுக்காதீர்கள், பரிட்சை எழுதிக்கொண்டே இருந்தால் எப்போது படிப்பது?

டிரையலில் ஒரு முறை இருக்கிறது. முதல் ரவுண்டு 82, நண்பன் 200 மீட்டரில் நின்று "41" என்று கத்த வேண்டும். அது மெதுவாகப் போவது போலத் தோன்றும், பக்கத்தில் ஐம்பது பேர் முந்திப் போவார்கள், விடுங்கள். இரண்டாவது ரவுண்டும் அதே. மூன்றாவது ரவுண்டுதான் எல்லோரும் தளர்கிற இடம், அங்கே அதே வேகத்தைப் பிடித்து வைக்கவே பழைய ரவுண்டைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கும், அதனால் மூன்றாவது தொடங்கும்போது கையை வேகமாக வீசுங்கள், கால் கூடவே வரும். கடைசி 300 மீட்டரில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடலாம்.

ரேலிக்கு முந்தைய வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி வாரம் பயந்துபோய் கூடுதலாக ஓடியவர்கள் யாரும் நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை.

பீம்

ஓட்டத்தில் ஒரு குரூப் ஏறுவதற்கு மூன்று மாதம் ஆகும், பீமில் 6-இலிருந்து 10 ஆக்கினால் 24 மதிப்பெண் கூடுகிறது. இருந்தும் பீமுக்கு வாரத்தில் ஒருநாள்தான் ஒதுக்குகிறார்கள் நம்ம பிள்ளைகள்.

இரண்டு கம்பம் நட்டு ஒரு ஜி.ஐ. பைப் கட்டினால் போதும், ஊரில் உறுதியான வேப்பங்கிளை இருந்தாலும் சரி. ஒன்றுகூட ஏற முடியாதவர்கள் முதலில் 30 விநாடி தொங்கிப் பழகுங்கள். பிறகு ஒரு ஸ்டூல் மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேலே வந்த நிலையில் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடி எடுத்து மெதுவாகக் கீழே இறங்குங்கள். இப்படி ஐந்து தடவை, மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். பெரும்பாலானவர்களுக்கு சில வாரத்திலேயே முதல் புல் அப் வந்துவிடும். வந்த பிறகு ஏணி முறை: 1 எடுத்து இறங்கி மூச்சு விட்டு, 2, பிறகு 3, மறுபடி 1, 2, 3. கை முழுசாகச் செத்துப்போகும்வரை எடுக்காமல் ஒன்று மிச்சம் வைத்து நிறுத்தினால்தான் மறுநாளும் கை வேலை செய்யும்.

கை கீழே முழுசாக நீள வேண்டும், மேலே தாடை கம்பியைத் தாண்ட வேண்டும். உடம்பை ஆட்டி, காலை உதறி ஏறிப் பழகியவனுக்கு ரேலியில் எண்ணிக்கை குறையும், அவன் 12 எடுத்ததாக நினைப்பான், எண்ணுகிறவர் 7 என்பார். அதைவிட முக்கியமானது, பீம் வருவது ஓட்டம் முடிந்த அதே காலையில். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது 10 எடுக்கிறவன் அங்கே 7-க்கு வந்துவிடுவான். அதனால் கடைசி இரண்டு மாதம், கடினமாக ஓடுகிற நாளில் ஓடி முடித்துப் பத்து இருபது நிமிடத்தில் பீம் ஏறுங்கள். ஓய்வாக 13 எடுக்கிற அளவு வந்தால் அங்கே 10 கிடைக்கும் என்பது என் அனுபவம்.

பள்ளமும் கட்டையும்

9 அடி என்பது 2.74 மீட்டர், ஓடி வந்து தாண்டினால் ஆரோக்கியமான எந்தப் பையனும் தாண்டிவிடலாம். தோற்பவர்கள் விளிம்பைப் பார்த்துக்கொண்டே வந்து கடைசி இரண்டு அடியில் தயங்குபவர்கள்தான். மணலில் 10 அடிக்குக் கோடு போட்டு, 15 எட்டு ஓடி வந்து ஒற்றைக் காலில் எம்பிப் பழகுங்கள், கண் எதிர்ப்பக்கத்துக்கு அப்பால் இருக்கட்டும். கட்டைக்கு வயல் வரப்பைவிட நல்ல பயிற்சி எதுவும் இல்லை. காலைப் பார்க்காமல் நான்கடி முன்னால் பார்த்து, கையை விரித்து, அவசரப்படாமல் நடக்க வேண்டும்.

கால் வலி வந்தால்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள் ஓரம் நெடுக வலித்தால் அது திடீரென்று தூரத்தைக் கூட்டியதால் வருவது. தார் ரோட்டிலிருந்து மண்ணுக்கு மாறுங்கள், ஒரு வாரம் ஓட்டத்தைக் குறைத்து சைக்கிள் ஓட்டுங்கள், கெண்டைக்காலுக்கு படியின் ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குகிற பயிற்சியை தினமும் செய்யுங்கள். ஒரே ஒரு புள்ளியில், விரலால் தொட்டாலே சுருக்கென்று வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், ஓடவே கூடாது, டாக்டரிடம் போங்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடி அந்த விரிசலைப் பெரிதாக்கிக்கொண்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும், அவனுக்கு அந்த வருஷமே போய்விட்டது.

ஷூவா, வெறுங்காலா என்று கேட்பார்கள். எதில் பழகினீர்களோ அதில் ஓடுங்கள். புது ஷூவை ரேலி அன்று போடவே கூடாது.

சாப்பாடு, வெயில்

புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் மாசம் முழுக்க முட்டை சாப்பிடலாம். காலை ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் கேழ்வரகுக் கூழோ இட்லியோ இரண்டு முட்டையோடு, மாலையில் ஒரு கை வேர்க்கடலையோ சுண்டலோ, இரவு சோறு பருப்பு மீன். சாதத்தைக் குறைத்தால்தான் வேகம் வரும் என்பது பொய், ஓடுகிறவனுக்கு சாதம் வேண்டும். தூக்கம் எட்டு மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டால் அது தானாக வரும்.

ஏப்ரல், மே மாதத்தில் ஐந்து மணிக்கே தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள். எடை குறைக்க ரெயின்கோட்டோ பிளாஸ்டிக்கோ போட்டுக்கொண்டு ஓடுவது உயிருக்கே ஆபத்து. தலை சுற்றல், வாந்தி, பேச்சு குழறல் வந்தால் நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். ரேலிக்கு முன் ஊசி, மாத்திரை என்று யாராவது கொண்டுவந்தால் தொடாதீர்கள், ஊக்க மருந்து தெரிந்தால் தகுதியே போய்விடும், அதைவிட இதயம் நின்றுவிடலாம்.

மெடிக்கலை இப்போதே பாருங்கள்

ஓட்டத்தில் 60, பீமில் 40 என்று வாங்கிய பையன் காதுக்குள் அழுக்கு இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு அலைவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். பயிற்சி தொடங்குகிற மாதமே அரசு மருத்துவமனையில் காது, பல், கண், நிறக்குருடு, விரை வீக்கம், மூலம், கால் நரம்புச் சுருட்டல் எல்லாம் பார்த்துவிடுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால் குணமாக நேரம் இருக்கும்.

தட்டைப் பாதமா என்று பார்க்க, காலை நனைத்து சிமெண்ட் தரையில் வைத்துப் பாருங்கள். உள் வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் உடனே மனம் விட வேண்டாம், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு வந்து, பாதம் வளைந்து கொடுத்து, வலியும் இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் பொதுப் பணிப் பிரிவுக்கு, அதாவது ஜெனரல் டியூட்டிக்கு, உயரம் 166 சென்டிமீட்டர். மார்பு 77, மூச்சை இழுக்கும்போது 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 76-இல் நிற்பவர்களுக்கு தண்டால் மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தரும். விரிவதற்குத் தனியாக, டேப்பை மார்பில் சுற்றிக்கொண்டு மூச்சை இழுத்து நிறுத்தப் பழகுங்கள், அங்கே பதற்றத்தில் மூச்சு வயிற்றுக்குப் போய்விடும்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, திருமணமாகாதவர் சான்று, நன்னடத்தைச் சான்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி இரண்டும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அப்புறம் ஒன்று, பணம் கொடுத்தால் உள்ளே எடுத்துவிடுவேன் என்கிற ஆளிடம் அப்பா அம்மாவின் நகைப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆள் எடுப்பதற்கு ராணுவம் யாரிடமும் பணம் வாங்குவதில்லை.

ரேலி நாள்

நள்ளிரவுக்கு மேல் வரிசையில் நிற்க வைப்பார்கள், விடியும்போது ஓட்டம். அதனால் முந்தின நாள் பகலிலேயே தூங்கிவிடுங்கள். இரவு ஒரு மணிவாக்கில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் பிரெட், தண்ணீரை மடக்கு மடக்காக. வீட்டில் இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள்: விடியற்காலை எழுந்து ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு, ஐந்து நிமிடம் மட்டும் உடம்பைச் சூடாக்கி ஓடுங்கள். அங்கே அதுதான் கிடைக்கும்.

பெரிய கூட்டமாக ஒரே பேட்ச்சில் விடுவார்கள். ஷூ லேசை இரட்டை முடிச்சு போடுங்கள். முன் மூன்று நான்கு வரிசைக்குள் நிற்கப் பாருங்கள். முதல் 50 மீட்டர் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போய் நெரிசலை விட்டு வெளியேறி, உடனே உங்கள் 82-க்கு வந்துவிடுங்கள். வளைவில் முடிந்தவரை உள் ஓரம். ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒரு ரவுண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறீர்கள், நான்கு ரவுண்டில் 25 மீட்டர், அதாவது ஐந்து விநாடி. ஒருவரை முந்த வேண்டுமென்றால் வளைவில் முந்தாமல் நேர்ப் பாதை வரும்வரை அவர் பின்னாலேயே இருங்கள்.

கோட்டைத் தாண்டியதும் அப்படியே படுத்துவிடாதீர்கள், எல்லோரும் விழுவார்கள், நீங்கள் நடங்கள். இரண்டு கையையும் தொங்கவிட்டு உதறிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து வாயால் விடுங்கள், உள்ளங்கை வியர்வையைத் துணியில் துடைத்து கொஞ்சம் காய்ந்த மண்ணைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அடுத்து பீம் இருக்கிறது.